மருமகளின் இயந்திரத்தை நீட்டிய பன்னிரண்டு நாள்

என் மருமகள் இந்த வீட்டுக்கு வந்து பதினாறு ஆண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. அதில் முதல் ஒன்பது ஆண்டுகள் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்தாள். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு பெட்டி. ஒன்பதாம் ஆண்டின் முடிவில் வலது மணிக்கட்டு வீங்கி, தண்ணீர்க் குவளையைத் தூக்கவே இடது கையை முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மடிக்கிற வேலை இனி அந்தக் கைக்கு ஆகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் கோப்பில் இருக்கிறது.

வேலையை விட்ட பிறகு ஓராண்டு சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தாளே தவிர, வீட்டுச் சாமான் எதையும் சும்மா இருக்க விடவில்லை. மிக்சி, தையல் இயந்திரம், என் மேசை விளக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினாள். பிறகு ஒரு நாள் ஒரு பெட்டி வரவழைத்தாள். உள்ளே, மேசைமேல் வைத்து ஓட்டுகிற சிறிய சிஎன்சி இயந்திரம் துண்டு துண்டாக இருந்தது. கணினி சொல்கிற வழியில் ஒரு சின்ன மோட்டார் நகர்ந்து, அதன் நுனியில் சுழலும் பிட்டால் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் செதுக்கும். மூன்று நாளில் பூட்டி முடித்தாள். முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம். ஓடுகிற இயந்திரத்துக்கு ஒரு திருகாணி மிஞ்சினால் என்ன என்றான் என் மகன். அவள் மறுநாள் முழுவதையும் பிரித்து, அந்தத் திருகாணியின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

ஆறு ஆண்டாகப் பெயர்ப்பலகை, கதவு எண், சாவிக்கொத்துக்கு வில்லை என்று செதுக்கிக் கொடுக்கிறாள். தெருவில் அவளுக்குப் பலகை என்றே பெயர். கூரியர்காரர் பலகை வீடு எது என்று கேட்டுத்தான் வருகிறார். இதில் என் மனைவிக்கு மனக்குறை. முப்பது வருஷம் என் பெயரைச் சொன்னால் வீடு தெரிந்தது, இப்போது நான் பலகைக்கு மாமனார் மட்டும்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அவள் முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அந்த இயந்திரம் செதுக்கக்கூடிய பரப்பு முந்நூறு மில்லிமீட்டருக்கு நூற்றெண்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அளவு. அதற்கு மேல் பெரிய வேலை எது வந்தாலும் மருமகள் பணிவாக மறுத்துவிடுவாள். மறுத்துவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரம் ஒன்றை எடுத்துத் திரும்பக் கழுவுவாள்.

இரண்டு ஆண்டுக்கு முன், மார்ச் மாதம் நான்காம் தேதி காலை பத்தே காலுக்கு, பார்வையற்றோர் பள்ளியின் விடுதிக் காப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. பிறவியிலேயே பார்வை கிடையாது. வெள்ளைக் கோலைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, மாதிரிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்தார். ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து, இதன் கீழ் ஓரத்தைத் தேய்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்றார். அந்த ஓரத்தை நான் அறுபது தடவையாவது பார்த்திருப்பேன். எனக்குத் தெரியவில்லை.

பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறப் போகிறது. வாசலில் கட்டடத்தின் வரைபடம் ஒன்று வேண்டும். சுவர்கள் மேடாக, நடைகள் பள்ளமாக, ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் பிரெயில் புள்ளிகளோடு, விரலால் படிக்கிற வரைபடம். அறுநூறு மில்லிமீட்டர் நீளம், இருநூற்றெண்பது அகலம். சுவரில் நான்கு ஆணிகள் ஏற்கெனவே பதித்தாயிற்று. பதினாறாம் தேதி பிள்ளைகள் வருகிறார்கள்.

மருமகள் தயங்கி, இரண்டு மூன்று துண்டாகச் செய்து ஒட்டலாமா என்று கேட்டாள்.

"ஒட்டின இடத்துல ஒரு கோடு இருக்கும்ல? உங்களுக்கு அது ஒட்டு. எங்க பிள்ளைங்களுக்கு அது சுவர்," என்றார் காப்பாளர். "இல்லாத சுவருக்கு முன்னாடி ஒரு பிள்ளை திகைச்சு நிக்கும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தைப் பார்த்தாள்.

"செய்றேன் மேடம்," என்றாள்.

காப்பாளர் போன பிறகு அவள் பாத்திரம் எதையும் கழுவவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பணயம் வைத்தது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நீட்டுவதென்றால் இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும். சட்டத்தில் புதுத் துளை போட வேண்டும். துளை போட்டபின் பழையபடி பூட்ட வழியில்லை. நீட்டியது வேலை செய்யாவிட்டால் வரைபடமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அப்புறம் அந்த மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரருக்கு அரைநூல் என்று பட்டப்பெயர். தச்சர்களும் கடைசல்காரர்களும் சொல்கிற நூல் அளவில் பாதி, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், எந்த வேலையிலும் முன்னேபின்னே இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற மனிதர். இயந்திரத்தின் தட்டு இரண்டு வழுவழுப்பான இரும்புத் தண்டுகளின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒரு நீளத் திருகுத் தண்டு சுழன்று அதைத் தள்ளுகிறது. மூன்றையும் நீளமாக்கினால் வேலைப் பரப்பும் நீளும். நூற்றெண்பது என்பது தட்டு ஓடுகிற இந்தத் திசைதான்; குறுக்கே இருக்கிற முந்நூறு பலகையின் அகலத்துக்குப் போதும். அதே பருமனில் நீளமான தண்டுகள் வெட்டிக் கொடுத்தார் அரைநூல். திருகுத் தண்டுக்குப் பழைய சாமான் குவியலில் தேடி, யாரோ கழித்துப் போட்ட இயந்திரத்திலிருந்து ஒன்றை உருவித் துடைத்துக் கொடுத்தார். எந்த ஊர் மரை என்று தனக்குத் தெரியாது, ஓட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள் என்றார்.

ஆறாம் தேதி பிற்பகலுக்குள் பூட்டிவிட்டாள். தட்டு போய்வர இடம் போதாமல் சாப்பாட்டு மேசையையும் இழுத்துச் சேர்த்தோம். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"மேசையையும் அதுக்கே எழுதி வச்சாச்சா? சரி, இனிமே நாம குதிரை மாதிரி நின்னுக்கிட்டே சாப்பிடலாம்," என்றாள்.

மீதிப் பத்து நாளும் அப்படித்தான் சாப்பிட்டோம்.

ஏழாம் தேதி ஒரு கழிவுப் பலகையைப் பூட்டி, நீளவாட்டில் ஒரே வரிசையாகப் புள்ளிகள் செதுக்கிப் பார்த்தாள். இரண்டு முனைகளிலும் புள்ளிகள் அழகாக எழும்பி நின்றன. நடுவில் கரடுமுரடான மரப்பரப்புதான் இருந்தது, புள்ளி ஒன்றுகூட இல்லை. தட்டு நடுவுக்கு வரும்போது நீளமான தண்டுகள் பாரம் தாங்காமல் தொய்கின்றன. நான் டயல் அளவியை வைத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர் தொய்வு. பிரெயில் புள்ளியின் உயரமே அரை மில்லிமீட்டர்தான்.

அன்று அவள் இயந்திரத்தின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். என் மகன் லாரி ஓட்டுகிறவன். பத்து நாளுக்கு ஒரு முறை வருவான். அவன் தொலைபேசியில் அழைத்தபோது எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பேசியை மாமியாரிடம் கொடுத்துவிட்டாள்.

எட்டாம் தேதி அரைநூலே வீட்டுக்கு வந்து பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஒன்பதாம் தேதி மாலை வேறு விதமான இரண்டு தண்டுகளோடு திரும்பி வந்தார். விரல் பருமனில் இருந்த அவற்றுக்கு அடியில், முழு நீளத்துக்கும் அலுமினியத் தாங்கல் ஓடியது. பொட்டலம் கட்டும் இயந்திரம் ஒன்றைப் பிரித்தபோது எடுத்து வைத்தது என்றார். அவற்றைப் பூட்டச் சட்டத்தில் பதினாறு துளை போட வேண்டியிருந்தது. முதல் துளைக்கு டிரில்லை வைத்துவிட்டு மருமகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு போட்டாள்.

தொய்வு இல்லை. அளவியின் முள் அசையவேயில்லை என்று சொல்லலாம். இருநூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். ஆனால் தேதி பதினொன்று ஆகியிருந்தது.

அடுத்த வேலை அளவைச் சரிப்படுத்துவது. திருகுத் தண்டு இந்த இயந்திரத்துக்குப் புதிது. ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்று கணினிக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். மரையை எண்ணிப் பார்த்து நானூறு என்று கொடுத்தாள். அது சரியா என்று அளந்துதான் சொல்ல முடியும். அளக்கிற வேலையை என்னிடம் கொடுத்தாள்.

நான் முப்பத்தொரு ஆண்டு ஆற்றுப் பாலத்தில் நீர்மட்டம் படித்தவன். நாளுக்கு மூன்று முறை. அலுவலகம் கழித்துவிட்ட ஒரு மீட்டர் எஃகு அளவுகோல் என்னிடம் இருக்கிறது. அதன் நுனி தேய்ந்து போயிற்று. நுனி தேய்ந்த கோலில் பூஜ்யத்திலிருந்து அளக்கக் கூடாது. பத்தாம் கோட்டில் வைத்துத் தொடங்க வேண்டும். கோலைத் தட்டின்மேல் இறுக்கி, மோட்டாரில் மாட்டிய ஊசிமுனைக்கு நேர் கீழே பத்தாம் கோட்டைக் கொண்டுவந்தேன்.

"எவ்வளவு தூரம் போகச் சொல்லப் போறேன்னு என்கிட்ட சொல்லாதம்மா," என்றேன். "வர வேண்டிய எண் தெரிஞ்சா கண்ணு அதைத்தான் பார்க்கும்."

எங்கள் அலுவலகத்து முறை அது. படிக்கிறவன் படித்ததை மட்டும் சொல்வான், எழுதுவான். தொடக்க அளவைக் கழித்து நிகர அளவு காண்பது வேறொரு அறையில் உட்கார்ந்திருக்கும் கணக்கரின் வேலை.

அவளும் சரி மாமா என்று கணினித் திரையை எனக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டாள். தட்டு நகர்ந்து நின்றது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நானூற்றுப் பத்து என்றேன். அவள் ஏதோ கணக்குப் போட்டாள், எண்ணை மாற்றினாள். மறுபடியும் பத்தாம் கோட்டிலிருந்து தொடங்கினோம். இந்த முறை நானூறு. இன்னொரு முறை ஓட்டினாள். அதே நானூறு. மூச்சை நீளமாக விட்டாள். ஐந்து நாளாக அந்த முகத்தில் காணாத சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையே நான் சரிபார்ப்பாக எடுத்துக்கொண்டேன். நான் வைத்திருந்த எந்தப் பதிவேட்டிலும் சிரிப்புக்கு என்று ஒரு பத்தி இருந்ததில்லை.

பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் சின்னச் சின்னத் துண்டுகளில் புள்ளியின் உயரத்தைச் சோதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள். என்னையும் தடவச் சொல்வாள். என் மனைவி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து தடவி, குத்துகிறது என்று சொன்ன துண்டையெல்லாம் தூக்கிப் போட்டாள். முழு அளவில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க நேரமும் இல்லை, அந்த நீளத்துக்கு வேறு பலகையும் இல்லை. கணுவும் நாரும் இல்லாத, நன்றாக உலர்ந்த மரம் வேண்டும். நார் சிலும்பினால் விரலுக்கு அதுவும் ஒரு புள்ளி. தச்சர் கடையில் அப்படி ஒரே ஒரு பலகைதான் இருந்தது. இதைக் கெடுத்தால் அடுத்ததற்கு மழைக்காலம் முடிய வேண்டும் என்று தச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பதினான்காம் தேதி காலை எட்டு பத்துக்கு இயந்திரத்தை ஓட விட்டாள். கணினி காட்டிய நேரம் ஆறு மணி நாற்பது நிமிடம். பிட் முதலில் மரத்தைத் தொடும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். அன்றும் அப்படித்தான். வெள்ளைத் தூள் பறந்தது. முன்வாசல், அலுவலக அறை, நீண்ட நடை என்று கட்டடம் மெல்ல மெல்ல மரத்திலிருந்து எழும்பி வந்தது. இந்த இரைச்சலில் பக்கத்து வீட்டார் சண்டைகூட ஒழுங்காகக் கேட்பதில்லை என்று மனைவி சொல்லிக்கொண்டு போனாள்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்புகளைத் திருத்தமாகப் படியெடுத்தேன். தொடக்கம், முடிவு, வித்தியாசம் என்று மூன்று பத்தி. கழித்து எழுத இங்கே கணக்கர் யாரும் இல்லையே, நாமே எழுதிவிடுவோம் என்று கழித்தேன். நானூற்றுப் பத்தில் பத்துப் போனால் நானூறு. அடுத்த வரி, நானூறில் பத்துப் போனால் முந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த வரியும் முந்நூற்றுத் தொண்ணூறு.

எழுந்து அவளருகே போனேன். மணி பதினொன்று இருபத்தைந்து.

"அன்னைக்கு அளந்தோமே, எவ்வளவு தூரம் போகச் சொன்ன?"

"நானூறு மாமா. முதல்ல பத்து அதிகமா போச்சு. அதுக்கப்புறம் சரியா நானூறு வந்துச்சே," என்றாள்.

நான் நோட்டை நீட்டினேன். அவள் மூன்று வரிகளையும் பார்த்தாள். அளவுகோலைப் பார்த்தாள். தேய்ந்த நுனியை விரலால் தொட்டாள். புரிந்துவிட்டது. முதலில் கொடுத்த எண்தான் சரி. இருவரும் சேர்ந்து சரியைத் தப்பாக மாற்றியிருக்கிறோம். நீளவாட்டில் ஒவ்வொரு நானூறுக்கும் பத்துக் குறைவாக இயந்திரம் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

என் கை தானாக அவசரத்துக்கென்று வைத்த சிவப்புப் பொத்தானை நோக்கிப் போயிற்று. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலியுள்ள அந்த வலது கையால்தான் பிடித்தாள்.

"தொடாதீங்க மாமா. நான் யோசிக்கணும்."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஓர் அட்டையில் எண்களை எழுதினாள், அடித்தாள், எழுதினாள். ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் மரம் தூளாகிப் பறந்தது. நிறுத்திவிடு, இல்லாவிட்டால் எதையாவது சொல் என்று எனக்கு வாய் வரை வந்தது. என் தப்பை வைத்துக்கொண்டு நான் யாரை அதட்டுவது? சும்மா நின்றேன். மனைவி வந்து இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

ஒன்பது நிமிடம் கழித்து மருமகள் பேசினாள். "இப்ப நிறுத்தி எண்ணை மாத்தினா, பாதிக் கட்டடம் ஒரு அளவு, பாதிக் கட்டடம் ஒரு அளவு. சேர்ற இடத்துல கோணிக்கும். இப்படியே விட்டா முழுசும் ஒரே மாதிரி சின்னதா இருக்கும். சின்னதா இருந்தா படிக்கலாம். கோணினா படிக்க முடியாது."

"ஆணித் துளை?" என்றேன்.

அதுதான் கண்டம். சுவரிலிருக்கும் ஆணிகளுக்கு நடுவே ஐந்நூற்று அறுபது. இந்த எண்ணோடு துளை போட்டால் ஐந்நூற்று நாற்பத்தாறில் விழும். துளைகளைக் கடைசியில் போடும்படிதான் வேலையை அடுக்கியிருந்தாள். அதற்கு முன் நிறுத்தி, தட்டைப் பூஜ்யத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து, பழைய எண்ணைக் கொடுத்துவிட்டுப் போட வேண்டும். திரும்பி வருகிற பூஜ்யம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் துளைகள் மரத்தோடு பொருந்தாது.

மூன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். நடுவில் அரைநூல் வேடிக்கை பார்க்க வந்தார். அவரிடம் மறைக்கவில்லை, சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்றுதான் முதலில் பார்த்தார்.

"அரை நூலுக்கே என்னை ஊரெல்லாம் சிரிக்குது," என்றார். "நீங்க முழுசா ஒரு சென்டிமீட்டரை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடலையே ஐயா."

மருமகள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் வந்து, அதைத் துடைக்கத் தூள் படிந்த கையைக் கொண்டுபோய், இன்னும் அதிகமாக நீர் வந்தது.

இரண்டு ஐம்பதுக்கு வரைபடம் முடிந்தது. தட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். காலையில் பலகையின் மூலையில் ஊசியால் குத்தி வைத்த குறி ஊசிமுனைக்கு நேர் கீழே வந்து நின்றது. எண்ணை மாற்றினாள். இந்த முறை இருவரும் ஒரே பக்கம் நின்று, அவள் வாய்விட்டுச் சொல்லி, நான் வாய்விட்டுக் கழித்து, மூன்று தடவை அளந்தோம். பிறகு நான்கு துளைகளும் விழுந்தன. கோலை வைத்துப் பார்த்தேன். ஐந்நூற்று அறுபது. பலகையின் ஒரு பக்க ஓரத்தில் வெற்றிடம் முப்பத்தொன்பது, மறு பக்கத்தில் ஐம்பத்து நான்கு. பார்த்தவுடன் கண்ணை உறுத்தியது.

பதினைந்தாம் தேதி காலை பலகையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனோம். புதுக் கட்டடத்தில் சுண்ணாம்பு வாசனை. காப்பாளர் வாசலில் ஒரு நாற்காலியில் காத்திருந்தார். மூன்று ஆணிகளில் பலகை உடனே ஏறியது. நான்காவதில் கொஞ்சம் முரண்டு பிடித்து, அவள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியதும் உட்கார்ந்தது. காப்பாளர் கையை நீட்டினார்.

"மேடம், தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றாள் மருமகள். நீளவாட்டில் வரைபடம் இருக்க வேண்டியதைவிடப் பதின்மூன்று மில்லிமீட்டர் குறைவு, ஓரமும் இரண்டு பக்கம் ஒன்றுபோல இல்லை என்று சொன்னாள். அளந்தது நான்தான், தப்பு என்னுடையது என்று நான் குறுக்கே சொன்னேன். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்று அவள் முடித்தாள்.

காப்பாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"ஓரம் கோணலா இருக்கறது தெரியக்கூடியவங்க இங்க ரெண்டே பேரு. ஒருத்தர் காவலாளி, இன்னொருத்தர் தோட்டக்காரர். அவங்க ரெண்டு பேருக்கும் வழி தெரியும்," என்றார். "எங்களுக்கு இதுல வழி தெரியுதான்னு பார்க்கலாம்."

பத்து விரலையும் பலகையில் வைத்தார். இடது கை வாசலில் நங்கூரமிட்டதுபோல் நின்றது. வலது கை நகர்ந்தது. அலுவலகம், நடை, படிக்கட்டு. ஓரிடத்தில் விரல் நின்று திரும்ப வந்தது. இங்கே ஒரு புள்ளி கீறுகிறது என்றார். மருமகள் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, அந்த இடத்தை இரண்டு இழுப்பு இழுத்தாள். விரல் மறுபடியும் நகர்ந்தது. நடையின் கடைசிக்குப் போனது. எங்களுக்குப் பயமே அங்கேதான். சாமான் அறையும் குளியலறையும் அடுத்தடுத்த கதவு. ஏற்கெனவே நெருக்கமாக இருந்த இரண்டு பெயர்களும் அளவு சுருங்கியதில் இன்னும் நெருங்கி, நடுவே ஒன்பது மில்லிமீட்டர்தான் இருந்தது. காப்பாளரின் விரல் அங்கே மூன்று முறை போய்வந்தது.

கையை எடுத்தார். நாற்காலியில் சாய்த்திருந்த கோலை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கட்டடத்துக்குள்ள நான் இதுவரைக்கும் தனியா நடந்ததில்ல," என்றார். "குளியலறை வரைக்கும் போறேன், யாரும் பின்னாடி வராதீங்க. சொல்லித் தரவும் வேண்டாம்."

நடையில் இறங்கிப் போனார். கோல் தரையைத் தட்டும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மூலையில் திரும்பியதும் ஆள் மறைந்துவிட்டார். அப்புறம் சத்தம் மட்டும்தான். அதுவும் நின்றது. மருமகள் ஓரடி முன்னால் வைத்து, அவர் சொன்னதை நினைத்து நின்றுகொண்டாள். உதட்டைக் கடித்திருந்தாள். கையில் இருந்த உப்புத்தாளை மடித்து, அதையும் மடித்து, இன்னும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள். ஒரு கதவு கிறீச்சிட்டது. எந்தக் கதவு என்று சொல்ல முடியவில்லை. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து குழாயைத் திறந்து தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது.

மருமகள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.